இரண்டாவது ப்ராசஸரின் குற்றம்

1999இல் ஏபிட் என்ற தைவான் நிறுவனம் பிபி6 என்றொரு மதர்போர்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் ப்ராசஸருக்கான சாக்கெட் இரண்டு. இரண்டு ப்ராசஸர் போர்டு என்றால் சர்வர் அறைக்கும் பெரிய ஸ்டூடியோக்களுக்கும் உரியது, விலையும் அதற்கேற்றபடி என்று இருந்த காலம். பிபி6இல் இன்டெலின் மலிவான செலரானையே, எந்த ஒட்டு வேலையும் செய்யாமல், ஜோடியாகப் போட்டுக்கொள்ள முடிந்தது. செலரான் ஒற்றை ப்ராசஸர் கணினிகளுக்கானது என்றுதான் இன்டெல் சொல்லி விற்றது. ஆனால் சில்லுக்குள் ஜோடியாக வேலை பார்க்கும் திறன் மிச்சமிருந்தது. 366 மெகாஹெர்ட்ஸ் செலரான் இரண்டை வாங்கி, பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு ஏற்றி, 550இல் ஓட்டியவர்கள் நிறைய பேர். 2000இல் வந்த புதுத் தலைமுறை செலரான்களில் அந்தத் திறன் இல்லை. கதவு திறந்திருந்தது ஒரு குறுகிய காலம்தான்.

இன்று கையில் இருக்கும் போனிலேயே எட்டு கோர்கள். நான் வேலையில் எழுதும் நிரல்கள் ஓடும் சர்வர்களில் இன்னும் பல மடங்கு. பிறகு எதற்கு இந்தப் பழைய போர்டு? அதில் இரண்டாவது ப்ராசஸர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக. விரலால் எடுத்து வெளியே வைக்கலாம், திரும்ப வைக்கலாம். ஒரு இடத்திற்குப் புதிதாக ஒருவர் வந்து சேரும்போது என்ன நடக்கிறது, யார் மேல் பழி விழுகிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் வேறொரு பொருளை நான் பார்த்ததில்லை.

பழைய போர்டை அப்கிரேட் செய்பவரின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். ஒரு ப்ராசஸரோடு வருடக்கணக்காக ஓடிய இயந்திரம். இரண்டாவது கிடைக்கிறது. அதே வேகம், அதே வோல்டேஜ், முடிந்தால் அதே ஸ்டெப்பிங் என்று பார்த்து வாங்கி மாட்டுகிறார். முதல் ஏமாற்றம், ஒன்றுமே மாறவில்லை. விண்டோஸ் 98 என்றால் அதற்கு இரண்டாவது ப்ராசஸர் இருப்பதே தெரியாது. ஒற்றை ப்ராசஸரில் நிறுவிய விண்டோஸ் 2000 என்றால், அடியில் இருக்கும் ஹால் என்ற அடுக்கை இரட்டை ப்ராசஸருக்கானதாக மாற்ற வேண்டும். இதையெல்லாம் சரி செய்து, டாஸ்க் மேனேஜரில் இரண்டு வரைபடம் தெரிந்து, மனசு குளிர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இயந்திரம் அப்படியே உறைந்து நிற்கும். மறுநாள் நீலத் திரை. அதற்கு மறுநாள் ஃபைல் காப்பி ஆகும்போது ஹேங்.

இரண்டாவது ப்ராசஸரைக் கழற்றிப் பார்க்கிறார். இயந்திரம் அமைதியாக ஓடுகிறது. "பார்த்தியா, அதுதான் பிரச்சினை."

உண்மையில் அங்கே என்ன நடந்திருக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அந்தக் காலத்துச் செலரான் ஒன்று சுமார் 20 வாட் இழுக்கும். 2 வோல்ட்டில் 20 வாட் என்றால் 10 ஆம்பியர். இரண்டாவது வந்ததும் பவர் சப்ளை மேல் விழும் சுமை கூடுகிறது. பழைய போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே காய்ந்து, சில தலை உப்பிப்போய் இருக்கும். ஒருவர் மட்டும் இழுத்தவரை அந்தப் பலவீனம் வெளியே தெரியவில்லை. இரண்டு பேர் இழுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் தொய்கிறது. அது போதும்.

இன்னொரு சாத்தியம் மென்பொருளில் இருக்கிறது. எனக்கு அதுதான் நெருக்கமானது. ஒரு கடையில் வரவுக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப்பிள்ளை நோட்டில் 500 என்று பார்க்கிறார், மனசுக்குள் 100 கூட்டுகிறார், 600 என்று எழுதுகிறார். தனி ஆளாக இருக்கும்வரை குறையே வராது. இப்போது இன்னொரு கணக்குப்பிள்ளை சேர்கிறார். அவர் 500ஐப் பார்க்கும் அதே நொடியில் இவரும் 500ஐப் பார்க்கிறார். அவர் 600 என்று எழுத, அதன் மேலேயே இவரும் 600 என்று எழுதுகிறார். 700 இருக்க வேண்டிய இடத்தில் 100 ரூபாய் காணோம். யார் எடுத்தது? யாரும் எடுக்கவில்லை. "நான் எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் நோட்டைத் தொட மாட்டார்கள்" என்ற, சொல்லாமலே இருந்த அனுமானம்தான் அந்த நூறு ரூபாயைத் தின்றது. ஒற்றை ப்ராசஸரை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட பல ட்ரைவர்களுக்குள் இந்த அனுமானம் இருந்தது. இண்டரப்டை நிறுத்தி வைத்தால் போதும், உலகமே நின்றுவிட்டது என்று அவை நம்பின. ஒரு ப்ராசஸர் வரை அது சரிதான். இரண்டாவதுக்கு அந்தக் கட்டளை போய்ச் சேராது, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு கதையிலும் பிழை முன்பே இருந்தது. இரண்டாவது ப்ராசஸர் அதைக் கொண்டுவரவில்லை, வெளியே தெரிய வைத்தது. காரணம் வேறு, சந்தர்ப்பம் வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதற்கு ஒரு வலுவான சாட்சி இருக்கிறது: புதிதாக வந்ததைக் கழற்றினால் அமைதி திரும்புகிறது.

இந்த அமைதிதான் ஆபத்தான சாட்சி. லினக்ஸில் பூட் ஆகும்போதே "ஒரு ப்ராசஸர் போதும்" என்று கெர்னலுக்குச் சொல்லிவிடலாம். இரண்டாவது சாக்கெட்டிலேயே இருக்கும், வேலை கொடுக்கப்படாது. மிகப் பயனுள்ள சோதனை. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இருவரும் சேர்ந்து ஓடும்போது பிரச்சினை வருகிறது. குற்றவாளி யார் என்று அது சொல்வதே இல்லை. நாமாகத்தான் கடைசியாக வந்தவர் தலையில் கட்டுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு டீமில் கான்ட்ராக்டில் ஒரு டெஸ்டர் சேர்ந்தார். அவர் வந்த இரண்டு மாதத்தில் பக் எண்ணிக்கைக் கோடு மேலே ஏறியது. "இவங்க வந்ததிலிருந்தே டென்ஷன்" என்று கேன்டீனில் பேச்சு. டெவலப்பர்களோடு ஒத்துப்போகவில்லை என்று காரணம் எழுதி கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. கோடு இறங்கியது. அடுத்த மீட்டிங் ஸ்லைடில் "ஸ்டேபிள்" என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. அதே பக்குகளில் பாதியை வாடிக்கையாளர் கண்டுபிடித்துச் சொன்னபோது, அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் வேலை போனது மட்டும் திரும்பாத உண்மை.

வீடுகளில் இது இன்னும் பழையது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். குடத்தின் விலை ஆளுக்கு ஆள் மாறுவதை அந்தப் பழமொழி பிடித்துவிட்டது. நான் அதோடு ஒரு கேள்வி சேர்ப்பேன்: குடத்தில் விரிசல் எப்போதிலிருந்து இருந்தது? அண்ணன் தம்பிக்குள் பத்து வருடமாகப் பேசாமல் வைத்திருந்த பணக் கணக்கு, மருமகள் வந்த ஆறாவது மாதம் வெடிக்கிறது. "அவ வந்துதான் குடும்பம் பிரிஞ்சது." தனிக்குடித்தனம் போனதும் வீடு அமைதியாகிறது. அமைதி, குற்றத்துக்கு நிரூபணமாகிவிடுகிறது.

அப்படியென்றால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் நிரபராதிகளா? இல்லை. பழைய சந்தையில் வாங்கிய ப்ராசஸர் நிஜமாகவே பழுதாக இருக்கலாம். புதிதாக வந்தவர் நிஜமாகவே தொல்லை பிடித்தவராகவும் இருக்கலாம். இரக்கப்பட்டு அவர் பக்கம் நிற்பதும் ஆராயாமல் எழுதும் தீர்ப்புதான். பழைய போர்டு கற்றுத்தரும் முறை வேறு. இரண்டு ப்ராசஸரையும் இடம் மாற்றிப் போடு. புதிதாக வந்ததைத் தனியாக, முதல் சாக்கெட்டில் ஓட்டிப் பார். தனியாகவும் அது தடுமாறினால் பழுது அதனிடம். இரண்டாவது சாக்கெட்டில் எதைப் போட்டாலும் பிரச்சினை என்றால் சந்தேகம் போர்டு மேல். மெமரியைத் தனியாகச் சோதி, பவர் சப்ளையை மாற்றிப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருபோதும் தெரியாது.

மனிதர்களை இப்படிச் சாக்கெட் மாற்றிப் போட முடியாது என்று நீங்கள் சொல்லலாம். முடியாதுதான். அதனால்தான் கழற்றி எறிவதற்கு முன் ஒரு நடு வழி வேண்டியிருக்கிறது. அந்த வழிக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ப்ராசஸர் உலகத்துக்கு வெளியே, ஒரு மருத்துவமனையில் இருக்கிறது. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தைக் கனடா அரசின் அணுசக்தி நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்தது. 1985இலிருந்து 1987க்குள் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் இது நடந்தபோது, இயந்திரம் அப்படிக் கொடுக்கவே முடியாது என்றுதான் முதலில் பதில் வந்தது.

அங்கே அந்த இயந்திரத்தை இயக்கியவர் தேர்ந்த கை. தட்டச்சு வேகம் அதிகம். ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்தி, சில நொடிகளில் அடுத்த கட்டளைக்கு வந்துவிடுவார். மென்பொருளின் ஒரு பகுதி காந்தங்களைச் சரி செய்துகொண்டிருக்கும் அந்த எட்டு நொடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டால், இன்னொரு பகுதிக்கு அது தெரியாமலே போனது. நம் கணக்கு நோட்டுக் கதையேதான். மெதுவாகத் தட்டியவர்கள் கையில் அந்தப் பிழை தூங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முந்தைய தெராக்-20இலும் அதே பிழை இருந்தது பின்னால் தெரியவந்தது. அதில் வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் ஃபியூஸ் போனதோடு நின்றது.

டைலரில் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கி வெளியே அனுப்பியிருந்தால் இயந்திரம் ஒருவேளை அங்கே அமைதியாகியிருக்கும். மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் வேறொன்று செய்தார். அவரும் அந்த இயக்குநரும் சேர்ந்து உட்கார்ந்து, அதே எழுத்துகளை, அதே வேகத்தில், திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். பிழை சிக்கியது. யாருடைய வேகம் சந்தர்ப்பமாக இருந்ததோ அந்த வேகமே சாட்சியாகவும் ஆனது. "என்ன செஞ்சீங்க, இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க" என்ற ஒரே கேள்விதான் வித்தியாசம். நான் சொன்ன நடு வழி இதுதான். விலக்குவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்பது. நான் சொன்ன டெஸ்டரிடம் யாரும் கேட்காதது. மருமகளிடம் யாரும் கேட்காதது.

கேட்பது சுலபமில்லை, ஏனென்றால் பதில் பழையவர்கள் பக்கம் திரும்பும். 1996இல் லினக்ஸ் முதன்முதலாக இரண்டு ப்ராசஸர்களை ஏற்றுக்கொண்டபோது, கெர்னல் முழுவதுக்கும் ஒரே ஒரு பெரிய பூட்டைப் போட்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம், மற்றவர் வாசலில் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அதையே முடிவு என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. "இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை" என்ற அனுமானம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று வரி வரியாகத் தேடித் திருத்தினார்கள். அந்தப் பெரிய பூட்டு கடைசியாக நீங்கியது 2011இல். பதினைந்து வருடம்.

எல்லாப் போர்டும் பதினைந்து வருட உழைப்புக்குத் தகுதியானது என்று நான் சொல்லமாட்டேன். கெபாசிட்டர் மாற்ற நேரமில்லை, ட்ரைவரைத் திருத்தியவர் யாருமில்லை என்றால் இரண்டாவது ப்ராசஸரைக் கழற்றிவிட்டு ஒன்றோடு ஓட்டலாம். அதில் தப்பில்லை. நிறுவனமும் சில நேரம் அப்படி முடிவெடுக்கும், குடும்பமும் எடுக்கும். அப்போது செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மை ஒன்று உண்டு. கழற்றி எடுத்ததை ஒரு கவரில் போட்டு, அதன் மேல் "பழுது" என்று எழுதாமல் இருப்பது. நம்மால் இரண்டு பேரைத் தாங்க முடியவில்லை என்பது நம்மைப் பற்றிய தகவல். அதை அவர் பெயரில் எழுதக் கூடாது.