சங்கர்லால் சேரிக்கு வந்தால்

துப்பறியும் கதை ஒரு பொழுதுபோக்கு, அதில் வருகிற ஆளின் குணத்தை எடைபோட இந்தப் பக்கங்களை வீணாக்க வேண்டுமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நம்மில் பலருக்குக் கைக்கு முதலில் வந்த புத்தகம் அம்பேத்கருடையது அல்ல, மார்க்சுடையதும் அல்ல. பழைய பேப்பர் கடையிலிருந்தும் சலூன் பெஞ்சிலிருந்தும் வாடகை நூல்நிலையத்திலிருந்தும் வந்த தமிழ்வாணன்தான். குற்றம் என்றால் என்ன, குற்றவாளி எப்படி இருப்பான், நீதி எந்த வழியாக வரும் என்பதையெல்லாம் அந்தப் புத்தகங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. சொல்லிக் கொடுத்தது சரிதானா என்று திருப்பிக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்த தமிழ்வாணன் 1977இல் இறந்துபோனார். அவர் உருவாக்கிய தனியார் துப்பறிவாளர் சங்கர்லால் இன்னும் மறுபதிப்புகளில் உயிரோடு இருக்கிறார். அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி நெமிலி திரும்புவார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, "படிடா, அந்த ஆளு இன்னா பண்றான் பாக்கலாம்" என்பார். நான் உரக்கப் படிப்பேன். பக்கத்து வீட்டு ஆயாவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஆளிடம் அப்பாவுக்குப் பிடித்தது எது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சங்கர்லால் சத்தம் போடுவதில்லை. யாரையும் வாடா போடா என்பதில்லை. தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கிறார். உலகமே பரபரக்கும்போது அவர் பரபரப்பதில்லை. சூப்பர்வைசரிடமும் கணக்குப்பிள்ளையிடமும் நாள் முழுக்க ஏச்சு வாங்கிய ஒரு மனிதருக்கு, அதிகாரம் இருந்தும் மரியாதையாகப் பேசுகிற ஒருவரைப் பார்ப்பதே பெரிய ஆறுதல். அவருடைய நண்பரான இன்ஸ்பெக்டர் வகாப் ஒரு முஸ்லிம். ஜனரஞ்சகக் கதைகளில் போலீஸ் நாயகர்கள் எந்தச் சாதி, எந்த மதத்துப் பெயர்களோடு வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இதையும் தமிழ்வாணன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குணம் வேறு இருக்கிறது. முதலில் சொல்லப்படுகிற கதையைத் துப்பறிவாளன் நம்புவதில்லை. தற்கொலை என்பார்கள், அவன் நம்ப மாட்டான். வேலைக்காரன்தான் திருடினான் என்பார்கள், அதையும் நம்ப மாட்டான். பங்களாவுக்குள் நுழைந்து, "நேற்று இரவு பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று முதலாளியிடமே கேட்பான். முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். நாம் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லியே பழகியவர்கள். முதலாளி பதில் சொல்வதைக் காகிதத்திலாவது பார்ப்பது ஒரு சுகம்தான். அதை வெறும் மயக்கம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் குணம் நமக்கு எவ்வளவு அவசியம் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கே சாட்சி. 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அந்தத் தலித் இளைஞனின் உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதம் ஒன்றும் இருந்தது. முதல் கதை முழுசாகத் தயாராக இருந்தது. அதை நம்பாதவர்கள் இருந்ததால்தான் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு வழக்குக்குள் வந்தது. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டவாளத்தில் கிடக்கும் நம் பிள்ளைகளின் உடல்களுக்கு எல்லாம் "தற்கொலை" என்ற சொல் தயாராகக் காத்திருக்கும் நாட்டில், நம்ப மறுப்பது ஒரு அறச்செயல்.

சரி, நிறை பார்த்தாயிற்று. இனிமேல்தான் சிக்கல்.

துப்பறிவாளனின் பெருமை, சின்ன அடையாளத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது. 1887இல் அச்சேறிய ஷெர்லாக் ஹோம்ஸ் தொடங்கி எல்லோருக்கும் இதுதான் வித்தை. கையைப் பார்த்துத் தொழிலைச் சொல்வார்கள், செருப்பைப் பார்த்து வந்த வழியைச் சொல்வார்கள். வெள்ளைக்கார வாசகனுக்கு அது அதிசயமாக இருந்திருக்கலாம். நமக்கு இதில் என்ன அதிசயம்? இங்கே ஒவ்வொரு சாதி இந்துவும் பிறவித் துப்பறிவாளன். ராணிப்பேட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் அப்பா ஏறினால், வாடையை வைத்தே பக்கத்து சீட்டுக்காரர் கண்டுபிடித்து எழுந்து போய்விடுவார். வீடு வாடகைக்குக் கேட்டுப் போங்கள். "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா பேரு இன்னா?" மூன்றே கேள்விகள். பூதக்கண்ணாடி வேண்டாம், கைரேகை வேண்டாம். கேஸ் முடிந்தது. உற்றுப் பார்ப்பது அப்பாவியான குணம் இல்லை. யார் யாரை எதற்காக உற்றுப் பார்க்கிறார்கள் என்பதில்தான் அதன் அறம் இருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்தால் அது வேவு. கீழிருந்து மேலே பார்த்தால்தான் விசாரணை.

சங்கர்லாலிடம் இந்த மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. பெயரைக் கவனியுங்கள். 'லால்' என்று முடிகிற வடநாட்டுப் பெயர். தமிழ் வாசகனால் அதை எந்தத் தெருவிலும் கொண்டுபோய் வைக்க முடியாது. தேவன் 1942 வாக்கில் 'ஆனந்த விகட'னில் உலவவிட்ட துப்பறியும் சாம்பு அப்படி இல்லை. அவன் பேச்சு, வீடு, வேம்பு என்ற மனைவி எல்லாமே எந்தத் தெரு என்று சொல்லிவிடும். சாம்பு ஒரு மண்டு. உளறியும் தடுக்கி விழுந்தும் ஜெயிக்கிறவன். அசட்டுத்தனத்துக்கே பட்டம் கிடைக்கிற அதிர்ஷ்டம் அக்கிரகாரத்துப் பக்கம்தான் வீசும். சேரியில் தடுக்கி விழுந்தால் பல்தான் போகும். சங்கர்லால் சாதியைத் துடைத்துவிட்டு வருவதால் எங்கள் திண்ணைக்கும் வர முடிந்தது. அது அவர் பலம். சாதியைத் துடைத்துவிட்டதால் அவர் கண்ணுக்குச் சாதியே தெரியவில்லை. அது அவர் கோளாறு. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. எத்தனை கோப்பை தேநீர் குடித்தாலும், எந்தக் கடையில் எந்த டம்ளரில் என்ற கேள்வி அவருக்கு வருவதே இல்லை.

அடுத்த கோளாறு, கூப்பிட்டால்தான் வருவது. தனியார் துப்பறிவாளனின் கதவைத் தட்டுகிறவருக்கு டெலிபோன் இருக்க வேண்டும், கார் இருக்க வேண்டும், இழப்பதற்கு நகையோ உயிலோ இருக்க வேண்டும். இன்று நிஜமாகவே பெருநகரங்களில் தனியார் துப்பறியும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நிறைய வேலை கொடுப்பது கொலை வழக்கு இல்லை, கல்யாணத்துக்கு முந்தைய விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறாரா, பெண்ணுக்குக் காதல் இருந்ததா, அந்தப் பையன் என்ன ஆட்கள் என்று காசு வாங்கிக்கொண்டு பின்தொடர்வது. இளவரசன்களும் கோகுல்ராஜ்களும் செத்துக்கொண்டிருக்கிற மண்ணில் அந்த அறிக்கை யார் கைக்குப் போகிறது, அதன் பிறகு என்ன நடக்கிறது என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. உண்மையைக் கண்டுபிடிப்பது மட்டுமே நல்ல குணமாகிவிடாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

மூன்றாவது, ஊகம். 'இப்படிப்பட்டவர் இப்படித்தான் செய்வார்' என்று துப்பறிவாளன் கணிப்பான். அந்தக் கணிப்பு ஆகாயத்திலிருந்து வருவதில்லை, பொதுப்புத்தியிலிருந்துதான் வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குழந்தைகளும் பெண்களுமாக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு 1970இல் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. காரும் நிலமும் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. 'முதல் கதையை நம்பாதே' என்ற அதே சந்தேகப்புத்திதான் இங்கேயும் வேலை செய்தது. சந்தேகப்பட்டது பிழைத்து வந்தவர்களின் சாட்சியத்தை. சந்தேகமும் வர்க்கம் பார்க்கும், சாதி பார்க்கும்.

நான்காவதைத்தான் நான் ஆபத்தானது என்பேன். துப்பறிவாளனுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். ஒரே ஒரு ஆள், ஒரு பெயர், ஒரு கை. அது கிடைத்ததும் உலகம் சுத்தமாகிவிடுகிறது. 2015 ஜனவரி 31 பின்னிரவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சங்கர்லாலைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யாருடைய கைரேகையை எடுப்பார்? தொட்டி கட்டியவன் கையா, அனுமதித்தவன் கையா, தொழிலாளியைத் தொழிற்கூடத்திலேயே படுக்கவைத்தவன் கையா, மலிவான தோல் கேட்டவன் கையா? பத்துப் பேர் சாவுக்கு நூறு கைகள். பாலாற்றங்கரைக் கிணறுகளைத் தோல் கழிவு கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. இது மர்மக் கதை இல்லை. எல்லோரும் படித்து முடித்த கதை.

வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்தத் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. நேரில் போன மாவட்ட ஆட்சியர் ஒரே நாளில் இரண்டு விஷயங்களைக் கண்டார். டீக்கடையில் இரட்டை டம்ளர். கோயிலுக்குள் நுழையத் தடை. இதற்கு எந்தத் துப்பும் தேவைப்படவில்லை, போய்ப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, டி.என்.ஏ. பரிசோதனை வந்தது. நாடு முழுக்க ஒரே கேள்வி: கலந்தது யார்? 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. மக்கள் அதை ஏற்கவில்லை. எதிர்பாராத ஆளைக் கடைசிப் பக்கத்தில் காட்டுவது நாவலுக்கு அழகாக இருக்கலாம். தண்ணீர் குடித்தவனையே கூண்டில் ஏற்றும்போது அது வேறு. வழக்கின் முடிவை நான் இங்கே சொல்ல வரவில்லை. 'கலந்தது யார்' என்ற கேள்வி 'இரண்டு டம்ளர் ஏன்' என்ற கேள்வியை விழுங்கிவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன். துப்பறியும் மனம் மர்மத்தைத் தேடிப் போகும். பகிரங்கமாக நடப்பது அதன் கண்ணில் படாது.

ராத்திரி நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆயா ஒருநாள் சொன்னது: "இன்னாத்துக்குடா இம்மாம் கஷ்டப்பட்டுக் கண்டுபுடிக்கிறான்? நம்ம ஊர்ல ஆரு பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல."

இதைவிடத் தெளிவாக எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது. நமக்குப் பற்றாக்குறை அறிவில் இல்லை, சாட்சியில். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த வேறு சிலரும் பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து வெட்டப்பட்டார்கள். அங்கே கண்டுபிடிக்க என்ன இருந்தது? பார்த்தவர்கள் கோர்ட்டில் நின்று சொல்வதும், சொன்ன பிறகு உயிரோடு ஊரில் இருப்பதும்தான் வேலை. 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கதையாக இருந்தால் அங்கே முற்றும். ஆனால் 2008இல் 3 பேரும் 2019இல் 13 பேரும் முன்கூட்டியே விடுதலையானார்கள். கடைசி அத்தியாயத்துக்குப் பிறகும் அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றில் சங்கர்லால் இல்லை. குற்றவாளியை வகாபிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவருடைய ஆகப் பெரிய குறை இதுதான்: போய்விடுவது. உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மீதியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிற குணம். கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானபோது வழக்கைத் தாங்கிப் பிடித்தது யார்? விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றக் கேட்டு வாங்கிய அவன் தாய். ஏழு வருஷம் கோர்ட்டுப் படி ஏறிய ஒரு பெண். அவர் பூதக்கண்ணாடி வைத்திருக்கவில்லை. போகாமல் இருந்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் துப்பறிவாளனைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. உண்மை அறியும் குழுக்களில் ஊர் ஊராகப் போகிற இளைஞர்களுக்குச் சொல்கிறேன். சங்கர்லாலின் நிதானம் வேண்டும். முதல் தகவல் அறிக்கையை நம்பாத புத்தி வேண்டும். மணி, தேதி, தூரம், யார் எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொள்கிற ஒழுங்கு வேண்டும். ஆவேசம் மட்டும் வைத்துக்கொண்டு போனால் குறுக்கு விசாரணையில் ஐந்தே நிமிஷத்தில் உடைத்துவிடுவார்கள். இவையெல்லாம் அவரிடம் கடன் வாங்கலாம், தப்பில்லை.

ஆனால் அறிக்கை அச்சானதும் வேன் ஏறிப் போய்விடக்கூடாது. சாட்சி சொன்னவள் மறுநாள் காலையில் அதே குழாயடிக்குப் போக வேண்டும், அதே கடையில் அரிசி வாங்க வேண்டும், அவள் பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலை நேரத்தில் அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? யார் செய்தது என்று கேட்பதோடு துப்பறிவாளனின் வேலை முடிகிறது. யார் கூட நிற்பது என்று கேட்கும்போதுதான் நம்முடைய வேலை ஆரம்பிக்கிறது.