வீடு யாருக்காக?

கூலாய் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பின்னால், ஏறக்குறைய 70 மீட்டர் தூரத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஓடுகிறது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை, 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அதே சாலை.

இடம் வாங்கியபோது எல்லாரும் பாராட்டினாங்க. "டோல் பக்கத்திலேயே இருக்கு, வேலைக்குப் போக வசதி, விலையும் கம்மி." எனக்கும் அதுதான் கணக்கு. சிங்கப்பூரில் வேலை. பாலத்தைத் தினமும் கடக்கிற சுமார் 3 லட்சம் பேரில் நானும் ஒருவன். விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுத்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியும்.

அப்பா தன் இபிஎஃப் பணத்தைக் கொடுத்தார். மீதி வங்கிக் கடன் என் பேரில். வாஸ்து பார்த்தோம். ஈசானிய மூலையில் பூஜை அறை. கணபதி ஹோமம், பால் காய்ச்சுதல், எல்லாம் முறைப்படி செய்தோம். அம்மாவிடமும் கேட்டேன். "உனக்குப் பிடிச்சா சரிப்பா"ன்னாங்க. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கால் சுளுக்கி இரண்டு வாரம் எம்சி. அப்போதுதான் என் வீட்டைப் பகலில் முதன்முறையாகப் பார்த்தேன். லோரிகள் ஓய்வதே இல்லை. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிக் குறைத்தபடியே இருந்தாங்க. அக்கா போன் செய்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாங்க. பின்பக்கத் திண்ணையில் யாரும் உட்காருவதில்லை. ஆசையாகப் போட்ட திண்ணை அது! கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தேன். துல்லியமான கருவி இல்லைதான், ஆனாலும் பூஜை அறை ஜன்னலோரம் 68 டெசிபல் காட்டியது. சாதாரணமாக நாம் பேசுவதே சுமார் 60 டெசிபல்தான்.

அன்பு இளைஞர்களே, நான் இங்கே சாலையைக் குறை சொல்ல வரவில்லை. சாலை முதலில் வந்தது, நாங்கள் பிறகு வந்தோம். "தெரிஞ்சுதானே கட்டினே?" என்று யாராவது கேட்டால் நான் தலைகுனிய வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குத்தான் பொருந்தும், அம்மாவுக்குப் பொருந்தாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் வெளியே இருப்பவனும் நான்தான். அந்தச் சத்தத்தோடு முழு நாளும் வாழ்பவர் அம்மா.

"அதான் கேட்டியே, சரின்னு சொன்னாங்களே" என்று என் மனசே எனக்காக வாதாடியது. அன்பினால் சொல்லும் "சரி" சம்மதம் ஆகுமா? எனக்குள் குத்துகிற கேள்வி இதுதான். அம்மா பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எங்கே குடியிருக்க ஆசை என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அப்படி வளர்ந்தவரிடம், எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு வந்து "பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. ஆசீர்வாதம் கேட்பதுதான்.

இல்லறத்தானுக்கு ஐந்து வேள்விகள் உண்டு என்கின்றன நம் தர்ம சாஸ்திரங்கள். தேவர், ரிஷிகள், முன்னோர், மனிதர், மற்ற உயிர்கள் ஆகிய ஐவருக்கும் அவன் கடமைப்பட்டவன். இந்தப் பட்டியலில் வீட்டுக்காரன் இல்லை! வீடு அவன் பேரில் இருக்கலாம், ஆனால் வீட்டின் பயன் பிறருக்கு என்றே நான் புரிந்துகொள்கிறேன். நாங்கள் திசை பார்த்தோம், நாள் பார்த்தோம். அந்த வீட்டில் அதிக நேரம் வாழப்போகிறவரின் காதையும் தூக்கத்தையும் யாரும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு வேறு கருத்து. அவர் செம்பனை லோரி ஓட்டியவர். "அந்தச் சத்தந்தான்டா உன்னைப் படிக்க வச்சது" என்றார். உண்மைதான். நாலரை மணிக்கு நான் முறுக்குகிற மோட்டாரும் யாரோ ஓர் அம்மாவை எழுப்பத்தானே செய்கிறது? எல்லாருக்கும் சாலை வேண்டும். ஆனால் அதன் சுமை எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. நோயாளி, குழந்தை, வயசானவர் என்று வீட்டை விட்டு வெளியே போகாதவர்கள்தான் அதிகம் சுமக்கிறார்கள்.

சில உண்மைகளை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய வட்டாரத்துக்கு வெளியிட்ட வழிகாட்டி, சாலைச் சத்தம் நாள் முழுவதற்கும் சராசரி 53 டெசிபலுக்குக் கீழும், இரவில் 45-க்குக் கீழும் இருக்கப் பரிந்துரைக்கிறது. சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் குறையும். ஒரு வரிசை மரம் கண்ணுக்கு மறைக்குமே தவிர காதுக்கு மறைக்காது. சாலையைப் பார்வையிலிருந்தே மறைக்கிற உயரத்தில் கெட்டியான சுவரோ மண்மேடோ வேண்டும். புகையைப் பொறுத்தவரை, பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை பாதிப்பு அதிகம் என்று அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2010-இல் சொன்னது. சாலை இன்று இருப்பது போலவே என்றும் இருக்காது என்பதையும் மறக்காதீங்க. செடெனாக் முதல் சிம்பாங் ரெங்கம் வரை நான்கு தடத்தை ஆறாக்கும் திட்டம் 2024 பட்ஜெட்டில் வந்ததே.

ஆகவே இடம் பார்க்கப் போகும் தம்பி தங்கைகளே, ஞாயிறு மத்தியானம் மட்டும் போகாதீங்க. விடியற்காலை ஒரு தடவை, நடுராத்திரி ஒரு தடவை, பெருநாள் நெரிசலில் ஒரு தடவை போங்க. வீட்டில் இருக்கப்போகிறவரைக் கூட்டிப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வையுங்க. ஒரே இடத்தைக் காட்டி "சரியா?" என்று கேட்காமல், இரண்டு இடத்தைக் காட்டி "எது?" என்று கேளுங்க. "வேண்டாம்" என்று சொல்ல வழி இருந்தால்தான் "சரி" என்பதற்கு மதிப்பு.

எம்சி முடிவதற்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பூஜை அறையை முன்பக்கம் மாற்றிவிடலாம், செலவானாலும் பரவாயில்லை என்றேன். அம்மா சிரித்தார். "சாமிக்கு அதெல்லாம் பழகிடுச்சு. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் இல்ல. உன் ரூமை எங்களுக்குக் கொடுக்கிறியா?"

விடியற்காலையில் கிளம்பும்போது அவர்களை எழுப்பக்கூடாது என்றுதான் முன்னறையை நான் எடுத்திருந்தேன். நல்லெண்ணத்தில் செய்தது. அதையும் அவரைக் கேட்காமல்தான் செய்தேன். அன்று சாயங்காலமே கட்டிலை மாற்றினோம். காசு ஒன்றும் செலவாகவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அம்மாவுக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது நான் பின்னறையில் படுக்கிறேன். லோரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்கிறது. பின்சுவரை உயர்த்தப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு உயரம் என்று அம்மாவிடம் கேட்டுத்தான் கட்டுவேன்.