இருவர் பெயரும் ஒன்றாக



நமுனுகுல மலைச்சாரலின் லயங்களில் "வெளிநாடு" என்றால் இன்று பெரும்பாலும் ஒரே பொருள்தான். தாய் மத்திய கிழக்கில் யாரோ ஒருவர் வீட்டில் வேலை செய்கிறாள். தந்தை இங்கே பிள்ளைகளோடு இருக்கிறார். அவர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. நாட்சம்பளம் போதாத வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. ஆயினும், பிழைப்புக்காகப் பிரிந்து செல்லும் தம்பதியரையே கண்டு பழகிய நாம், பிறருக்காகச் சேர்ந்து உழைத்த தம்பதியரும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

அப்போஸ்தலர் பணி நூலின் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிளாவுதியு மன்னன் யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது, அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்து நகருக்கு வந்து சேர்கிறார்கள். அந்நிய ஊர். கூடாரம் செய்வது அவர்களது தொழில். அதே தொழில் தெரிந்த புனித சின்னப்பருக்குத் தம் வீட்டில் இடமளித்து, கூடவே வேலையும் கொடுக்கிறார்கள். பின்னர் எபேசு நகரில் அப்பொல்லோ என்ற அறிஞருக்கு மறையுண்மைகளை இன்னும் தெளிவாக விளக்கிச் சொல்பவர்களும் இவர்களே. இவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. தமது உயிரைக் காக்க இவர்கள் தங்கள் தலையையே கொடுக்கத் துணிந்தார்கள் என்று சின்னப்பர் உரோமையருக்கு எழுதும்போது நன்றியோடு நினைவுகூர்கிறார். புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் இவர்கள் பெயர் வருகிறது. ஓரிடத்திலேனும் ஒருவர் பெயர் தனித்து வருவதில்லை!

இது ஏதோ பழங்கதை என்று எண்ண வேண்டாம். நம் மலையகமும் இத்தகைய ஒரு தம்பதியரைக் கண்டது. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. நடேசய்யர் 1920ஆம் ஆண்டையொட்டி இலங்கைக்கு வந்தார். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்து, தொழிலாளரின் துயரத்தை நேரில் கண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் மனைவி மீனாட்சி அம்மையோ வீட்டோடு இருந்துவிடவில்லை. பத்திரிகைப் பணியில் கணவருக்குத் தோள் கொடுத்தார். கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத மக்களுக்கும் விளங்கும்படி, அன்று எல்லாரும் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டினார். 1940இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். கணவரின் பேச்சுக்குச் செவிகொடுக்கத் தயங்கியவர்களும் மனைவியின் பாட்டுக்குச் செவிகொடுத்திருப்பார்கள் அல்லவா?

இவர்கள் நம் மதத்தவர் அல்லர். ஆனால், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனும் அந்த ஊர்க் கோவிலைச் சேர்ந்தவன் அல்லன். "நீயும் போய் அவ்வாறே செய்" என்று ஆண்டவர் சொன்னது அவனைக் காட்டித்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். இவ்வளவு உழைப்புக்கும் என்ன பலன்? 1947இல் நடேசய்யர் காலமானார். மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. கட்டிய வீடு இடிந்து விழுந்தது போலத்தான் தோன்றும். ஆனால், துரைக்கு முன் தலைநிமிரக் கற்றுக்கொண்டவன் அதை மறந்துவிடுவதில்லை. பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கிறான். இழந்த உரிமையைக் கேட்டு வாங்கும் குரல், விதைத்தவர்கள் மறைந்த பின்னரும் ஒலித்துக்கொண்டே இருந்தது. விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்று நற்செய்தியும் சொல்கிறதல்லவா?

பொதுநிலையினரின் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, குடும்பங்கள் செய்யத்தக்க பணிகளை வரிசைப்படுத்துகிறது: கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்பது, அந்நியரை வரவேற்பது, பள்ளிக்கூடங்களுக்கு உதவுவது, இளையோருக்கு வழிகாட்டுவது, முதியோரைத் தாங்குவது. இவற்றுள் ஒன்றுக்கேனும் கடவுச்சீட்டு தேவையில்லை. குருவும் கன்னியரும் மட்டுமே செய்யக்கூடியது என்று ஒன்றும் அங்கே இல்லை.

ஆகவே, அன்பான கணவன்மாரே, மனைவிமாரே, உங்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் லயத்திலேயே தாய் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். மாலையில் மலையிலிருந்து இறங்கியதும் அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரியுங்கள். பாடப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். உங்கள் காம்பரா சிறியதுதான். கூடாரம் தைத்தவர்களின் வீடும் மாளிகையாக இருந்திருக்காது. மனைவி மட்டும் அந்தப் பிள்ளையைக் கவனிக்க, கணவன் வாசலோடு நின்றுவிட வேண்டாம். இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். திருமணத்தன்று பீடத்தின் முன் ஒன்றாக உச்சரிக்கப்பட்ட உங்கள் இருவர் பெயரும், யாரோ ஒரு பிள்ளையின் நன்றியிலும் ஒன்றாகவே ஒலிக்கட்டும்.