காலியா இல்லாமல் ஆட்டம் ஏது?

சோட்டா பீம் கார்ட்டூன் 2008இல் போகோ தொலைக்காட்சிக்கு வந்தபோது என் மகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தறி. குழியில் கால் வைத்து நான் நெய்துகொண்டிருப்பேன். நாலடி தள்ளி அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் சிரிக்கிற சிரிப்பில் நானும் நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த ஆரம்பக் கதைகளில் அப்படி என்ன இருந்தது? டுன்டுன் மௌசியின் லட்டு, எப்போதும் பீமோடு மோதும் காலியாவின் வீறாப்பு, அவன் பின்னாலேயே சுற்றும் டோலு போலு, ஜக்குவின் குரங்குச் சேட்டை, ஏதாவது ஒரு போட்டி. கதை முடிந்தால் பீமின் ஊரான டோலக்பூரில் எதுவும் மாறியிருக்காது. மறுநாளும் அதே தெரு, அதே லட்டு. யாருக்கும் எதையும் சாதித்துக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கதைகளின் இனிமை முழுக்க அதில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

போகப்போக பீமுக்கு வேலை வந்து சேர்ந்தது. 2012இல் திரையரங்குக்கு வந்த படத்தில் தம்யான் என்ற மந்திரவாதியை அவன் அடக்கவேண்டியிருந்தது. ஊரைக் காப்பது, உலகத்தைக் காப்பது என்று பொறுப்பு ஏறிக்கொண்டே போனது. என் தம்பி மகன் இந்தப் பிற்காலக் கதைகளைக் கண்கொட்டாமல் பார்க்கிறான். ஆனால் சிரிப்பதில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது ராமானுஜரால். வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒரு உபன்யாசத்தில் கேட்டது. பிரம்ம சூத்திரத்தில் ஒரு தடை எழுப்பப்படுகிறது. எல்லாம் நிறைந்தவன் இறைவன்; அவன் உலகைப் படைத்து அடையப்போவது என்ன? ஏதோ ஒன்றை வேண்டிப் படைத்தான் என்றால் அவனிடம் குறை இருக்கிறது என்றாகிவிடும். ஒன்றும் வேண்டாமலே படைத்தான் என்றால், எதற்காகப் படைத்தான்? அதற்குச் சூத்திரம் தரும் விடை, லீலை, அதாவது விளையாட்டு. அந்தச் சூத்திரங்களுக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் இதற்கு ஓர் அரசனைக் காட்டுகிறார். ஏழு தீவுகளையும் ஆளுகிறவன், வீரத்தில் குறைவில்லாதவன், பந்து விளையாடுகிறான். பந்தால் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆடுவதே அவனுக்குப் பயன். இதைச் சொன்னவர் இந்த ஊரில் சாலைக் கிணற்றிலிருந்து வரதருக்குத் தினமும் தீர்த்தம் சுமந்தவர். பெருமாளுக்குத் தாகம் எடுக்குமா என்ன?

கண்ணனிடமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். இதே ஊரில் திருப்பாடகம் கோயிலில் பாண்டவ தூதராகக் கண்ணன் ஏறக்குறைய 25 அடி உயரத்தில் அமர்ந்திருக்கிறான். துரியோதனன் நிலவறை தோண்டி அதன்மேல் பொய்யாசனம் போட, கண்ணன் விசுவரூபம் எடுத்தான் என்பது தலவரலாறு. காரியமாக வந்த கண்ணன் அவன். அவன்முன் நாம் கைகூப்புகிறோம், குழந்தைகள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறார்கள். பெரியாழ்வாரோ தொட்டில், தளர்நடை, காதுகுத்து, நீராட்டம், வெண்ணெய்த் திருட்டு என்று பதிகம் பதிகமாகக் கண்ணனின் பிள்ளைப் பருவத்தைவிட்டு நகர மனமில்லாமல் பாடினார். பீமை உருவாக்கிய ஹைதராபாத் நிறுவனமும் 2019இல் நெட்ஃபிளிக்ஸுக்காகத் தவழும் பீமையே தேடிப் போனது. அந்தத் தொடரில் வசனமே கிடையாது. என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அந்தத் தொடரைப் பார்த்துப் பழையபடி சிரித்தாள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி உண்டு, கேட்டே ஆகவேண்டிய கேள்வி. முகூர்த்தமே இல்லாத ஆடியில் பாவு கிடைக்காமல் தறி நிற்கிறது; விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறது. இது யாருக்கு விளையாட்டு? அடுத்த சூத்திரமே இதை எடுத்துப் பேசுகிறது. இறைவனிடம் பாரபட்சமும் இல்லை, இரக்கமின்மையும் இல்லை, அவரவர் வினைப்படியே எல்லாம் நடக்கிறது என்கிறது. வாதத்துக்கு அது போதும். தறி நின்ற வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் பிடித்துக்கொள்வது காலியாவை. கதைக்குக் கதை அவன் தோற்கிறான். அடுத்த கதையில் அதே தெருவில் மறுபடியும் மார்தட்டுகிறான். ஊர் அவனைத் துரத்துவதில்லை. துரத்தினால் ஆட்டமே கிடையாது. உலகைக் காக்கும் கதைகளில் எதிரி ஒழிந்தால் போதும், ஒழிந்தவனைப் பிறகு யாரும் நினைப்பதில்லை. பாகவதத்தில் பூதனை நஞ்சோடு வந்தாள். அவளும் தாய்க்குரிய கதியை அடைந்தாள். கொல்ல வந்ததைக் கண்ணன் கணக்கில் வைக்கவில்லை, பால் கொடுத்ததை வைத்துக்கொண்டான். உலகம் லீலை என்று நான் நம்புவது இந்தப் பொருளில்தான். எவரையும் ஒரேயடியாக வெளியே நிறுத்தாத ஆட்டம் அது. சூத்திரத்துக்கு இது பொருந்துமா என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் நெய்பவர் ஒருவர், எதிர்க்கரைக்கு நாடா போடுபவர் இன்னொருவர். பாவு இல்லாமல் நிற்பவரை அந்த இரண்டாவது இடத்துக்கு நான் கூப்பிடுவதுண்டு. கூலியைப் பங்கு போட்டால் இருவருக்குமே குறைவாகத்தான் வரும். அதற்காகக் கூப்பிடாமல் இருந்துவிட்டு, லீலை என்று எந்த வாயால் சொல்வேன்?