தானமும் சீலமும்



கொல்லாமை நமது முதற் சீலம். கொல்லாதிருந்தால் மட்டும் போதுமோ? அழியும் உயிரைக் காக்கப் பொருள் ஈதலும் கடனன்றோ? அசோக மாமன்னர் முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின், கிளி, வௌவால், ஆமை முதலிய பல உயிர்களைக் கொல்லலாகாதெனத் தூண்களிற் பொறித்தார்.

அரேபியப் பாலைவனத்து ஓரிக்ஸ் என்னும் வெண்மானைப் பாருங்கள். வேட்டையால் அவ்வினம் அருகியது கண்டு, லண்டன் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தார் 1962இல் சிலவற்றைப் பிடித்துக் காத்தனர். பல நாட்டினர் பொருளும் மானும் உதவ, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஒன்பது மான்கள் ஒரு மந்தையாயின. 1972இல் பாலைவனத்தின் கடைசி மானும் மடிந்தது, மந்தையோ பெருகிற்று. 1982இல் அதன் வழித்தோன்றல்கள் ஓமான் நாட்டுப் பாலையில் விடப்பட்டன. இது தானத்தின் பயன்.

ஆயின், 1996இல் சுமார் 450 ஆக இருந்த அம்மான்கள், களவாய்ப் பிடித்து விற்போரால் 2007க்குள் 65 ஆயின. சரணாலய நிலமும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்கப்பட்டது. யுனெஸ்கோ அவ்வாண்டே அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலினின்று நீக்கிற்று. ஈந்த கை வளர்த்ததை ஆசை கொண்ட கை அழித்தது. பிற நாடுகளிலும் மந்தைகள் காக்கப்பட்டமையாலேயே இனம் பிழைத்தது.

உபாசக உபாசிகைகளே! இயன்றதை ஈயுங்கள். அத்துடன் தந்தமும் தோலும் கூண்டுப் பறவையும் வாங்கோம் என உறுதி பூணுங்கள். தானம் உயிரை மீட்கும். சீலமே அதனை நிலைபெறச் செய்யும்.

சகல ஜீவன்களும் நலம் பெறுக!