வீச்சும் பயிற்சியும்

கோல்ப் ஆட்டத்தில் புதிதாகப் பிரவேசிப்பவர், பந்தை வானளாவப் பறக்கவிடும் ஆவேசத்தில் புஜபலம் அனைத்தையும் திரட்டி மட்டையை வீசுவதும், அது பந்தின் தலையைத் தடவியோ புல்தரையைப் பெயர்த்தோ செல்வதும் எங்கும் காணக்கூடிய காட்சியே. மட்டை பந்தைத் தொடும் காலம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் க்ஷணத்தில் எதையும் திருத்த இயலாதாகையால், திருத்தமெல்லாம் அதற்கு முன்பே, பிடியிலும் நிலையிலும் இடுப்பின் சுழற்சியிலும் நிகழ்ந்தாக வேண்டும். டெக்சஸில் மட்டைப்பை சுமக்கும் சிறுவனாகத் தொடங்கிய கோல்ப் வீரர் பென் ஹோகன், பந்து இடப்புறம் வளைந்தோடும் தோஷத்தால் பல்லாண்டு அல்லலுற்று, இடைவிடாத அப்பியாசத்தால் அதைக் களைந்தவர். 1957-இல் வெளிவந்த தமது நூலின் முதற்பாடத்தையே அவர் மட்டையைப் பிடிக்கும் விதத்திற்கு ஒதுக்கினார் (ஆர்வமிகுதியில் பலரும் புரட்டிவிடக்கூடிய பாடம் அது!). பயிற்சியின் முதற்படியாக, இரு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, பாதி வீச்சில் நிதானமாக அடித்துப் பழகுவது குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் உடம்பு சற்று அவசரப்பட்டாலும் கால் தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கக்கத்தில் ஒரு கைத்துண்டை இடுக்கிக்கொண்டு வீசுவது அடுத்த படி. வீச்சின் நடுவே துண்டு விழுந்தால், கை உடம்பை விட்டுத் தனியே ஓடியிருக்கிறது என்று பொருள்.