இளவரசரை மன்னிப்பவர் யார்?

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் முன்னாளில் நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் ஓதும் ஒலி கேட்கும். அப்பொழுதைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. இதற்காகப் புலம்பப் புகுந்தோமில்லை. புலம்புவோர் வீட்டிலும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தொடர்களைக் கண்டு நம் மக்கள் அழுகிறார்கள், சினக்கிறார்கள், மன்னிக்கவும் செய்கிறார்கள். இம்மூன்றாவது செயலைப் பற்றியே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

2013 ஜூன் முதல் 2015 ஆகஸ்டு வரை இந்தியில் ஒளிபரப்பான 'ஜோதா அக்பர்' 500க்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்ட நெடுந்தொடர். தமிழ் பேசியும் அது வந்தது. கோட்டை போய்ப் பெயர் மட்டும் எஞ்சிய கோவைக் கோட்டைமேட்டிலும், ஈரோடு, தாராபுரம், உடுமலை முதலிய ஊர்களிலும் உருது பேசும் குடும்பத்தாரும் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பத்தாரும் அதனை ஆவலோடு பார்த்தனர். அக்பரின் அரசியாருக்கு ஜோதா என்பது பெயர் என்பதற்கே முகலாய நூல்களில் சான்றில்லை; ஆம்பேர் மன்னர் பார்மலின் மகளாரான அவர் மர்யமுஸ்ஸமானி என்ற பட்டத்தாலேயே அறியப்பட்டார். அது கிடக்கட்டும். தொடரின் பிற்பகுதியில் அவர் ஈன்ற மகன் ஸலீம் வளர்ந்து, தந்தையோடு மாறுபட்டு, அனார்கலி என்னும் நங்கையின் பொருட்டுக் கொதித்து எழுகிறார். பார்ப்போர் உள்ளமெல்லாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 2023இல் இணையவழி வெளிவந்த 'தாஜ்' என்னும் தொடரிலும் குடியும் கலகமுமாய்த் திரியும் அதே ஸலீமைத்தான் காண்கிறோம். துயருற்ற இளவரசர், கல் நெஞ்சத் தந்தை, இடையே ஒரு காதல். இவை மூன்றும் கூடிவிட்டால் இளவரசர் செய்தது எதுவாயினும் நாம் மன்னித்துவிடுகிறோம்.

அவர் செய்ததுதான் என்ன? வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

நெடுநாள் ஆண் மகவு தங்காதிருந்த அக்பர், சிக்ரியில் வாழ்ந்த ஷைகு ஸலீம் சிஷ்தி (ரஹ்) அவர்களின் துஆவை வேண்டி நின்று, 1569இல் பெற்ற பிள்ளை அவர். நன்றி செலுத்த அடுத்த ஆண்டு ஆக்ராவிலிருந்து அஜ்மீருக்குக் கால்நடையாகவே சென்றார் தந்தை. மகனை ஸலீம் என்று பெயர் சொல்லி அழைக்க அவருக்கு வாய் வந்ததில்லை. 'ஷைகு பாபா' என்றே அழைப்பாராம். பின்னாளில் ஜஹாங்கீர் என்ற பெயரோடு அரியணை ஏறிய மகனே தம் நினைவு நூலில் இதனை எழுதியிருக்கிறார். இவ்வளவு அருமையாய்ப் பெற்ற பிள்ளைதான் 1600இல், தந்தை தக்காணப் போரில் ஈடுபட்டிருந்த வேளையில், கலகக் கொடி உயர்த்தி அலகாபாத்தில் தனி அவை கூட்டினார்.

இக்கலகத்தின் காரணம் அனார்கலி அல்லள். அக்பரின் ஆட்சியை விரிவாக எழுதிய 'அக்பர் நாமா'விலும் அப்பெயர் இல்லை. தம் குடிப்பழக்கத்தைக்கூட மறைக்காது எழுதிய ஜஹாங்கீரின் நூலிலும் இல்லை. லாகூரில் ஒரு கல்லறையும், 1611இல் அங்கு வந்த வில்லியம் ஃபிஞ்ச் என்ற ஆங்கில வணிகர் கேட்டு எழுதிய வதந்தியுமே அக்கதையின் வித்து. அதை வளர்த்து 1922இல் இம்தியாஸ் அலி தாஜ் உருது நாடகமாக்கினார். 1960இல் 'முகலே ஆஸம்' வந்தது. அதுவே 'அக்பர்' என்ற பெயரில் 1961இல் தமிழ் பேசி வந்து, ஓடாமற் போயிற்று. ஸலீமை உண்மையில் ஆட்டுவித்தது அரியணை. தந்தைக்கு முதுமை வந்தும் ஆட்சி கைக்கு வரவில்லையே என்ற வேட்கை.

அவ்வேட்கைக்குத் தடையாக அவர் கருதியவர் அபுல் ஃபஸ்ல். அக்பரின் நண்பர், அமைச்சர், அக்பர் நாமாவை எழுதிய பேரறிஞர். அவருடைய சமயக் கொள்கைகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் ஒருவர் கொள்கை பிழையாயின் அவர் உயிர் மலிவாகிவிடாது. 1602 ஆகஸ்டில், அரசர் அழைப்பை ஏற்றுத் தக்காணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவரை, ஸலீமின் ஏவலால் ஓர்ச்சாவின் வீர்சிங் புந்தேலா வழிமறித்துக் கொன்றார். தலை அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டது. இதனை ஜஹாங்கீர் மறைக்கவுமில்லை. அபுல் ஃபஸ்ல் அரசவை வந்து சேர்ந்தால் தந்தைக்கும் தமக்கும் இடையே பிளவு பெருகும் என்பதாலேயே செய்வித்ததாக எழுதிச் செல்கிறார்.

இப்போது கதையையும் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வரலாற்றில் அநீதிக்கு ஆளானவர் அபுல் ஃபஸ்ல். அநீதி செய்தவர் இளவரசர். கதையிலோ அநீதிக்கு ஆளானவரே இளவரசர்! காதலியைப் பறிகொடுத்தவராக அவரைக் காட்டியதும் வழக்கின் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறிவிடுகின்றனர். நீதிமன்றத்தில் இப்படி ஒருவர் செய்தால் மோசடி என்போம். திரையில் செய்தால் கலை என்கிறோம்.

கலைஞர்கள் சார்பில் ஒரு விடை உண்டு. கெட்டவனையும் இரக்கத்தோடு பார்க்கக் கற்பிப்பதுதானே கலையின் பயன் என்பார்கள். இதனை நாம் தள்ளவில்லை. ஸலீமுக்காக இரங்க நிறைய இடமுண்டு. பேரரசர் வீட்டில் ஆண்மக்கள் மூவர். முராத் 1599இலும் தானியால் 1605இலும் குடியால் மாண்டார்கள். தானியாலுக்கு மது கிடைக்காதபடி காவல் போட்டிருந்தபோது, துப்பாக்கிக் குழலுக்குள் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்களாம் அவருடைய ஏவலர்கள். மூத்தவர் ஸலீமும் 18 வயதில் தொடங்கி நாளொன்றுக்கு 20 கிண்ணம் வரை குடித்தவர். உலகையே ஆண்ட தந்தையால் மூன்று பிள்ளைகளை மதுவிடமிருந்து மீட்க முடியவில்லை. இந்த வீட்டின் உள்ளே எட்டிப் பார்ப்பவர் எவருக்கும் நெஞ்சு கனக்கும், கனக்க வேண்டும். ஆனால் இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. இரக்கம் நம் நெஞ்சில் ஊறுவது. அதனை எவருக்கும் கொடுக்க நமக்கு உரிமையுண்டு. மன்னிப்போ ஒருவருக்குச் சேரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்வது. கடன் கொடுத்தவர்தாமே அதனைத் தள்ள முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் தள்ளினால் அது செல்லுமா?

நம் மார்க்க அறிஞர்கள் உரிமைகளை ஹக்குல்லாஹ் என்றும் ஹக்குல் இபாத் என்றும் பிரித்தார்கள். முன்னது இறைவனுக்குரியது, தவ்பாவால் தீரும். பின்னது அடியார்களுக்குரியது, அந்த அடியான் விட்டாலன்றித் தீராது. மறுமையில் மலைபோன்ற தொழுகையோடும் நோன்போடும் வந்து, பிறரை ஏசியதற்கும் அடித்ததற்கும் குருதி சிந்தியதற்கும் ஈடாக அனைத்தையும் அவர்களிடம் பறிகொடுத்து நிற்பவனே உண்மையான வறியவன் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை நம் குழந்தைகளும் அறிவர்.

அரச குடும்பத்தவர் ஒருவர் விஷயத்தில் இவ்விதி எவ்வாறு நின்றது என்பதற்கு ஜபலா இப்னு அய்ஹமின் செய்தி போதும். கஸ்ஸான் குலத்து வேந்தர் அவர். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பெரும் பரிவாரத்தோடு வந்து இஸ்லாத்தில் இணைந்தார். கஅபாவை வலம் வரும்போது ஏழைப் பாலைவாசி ஒருவரின் கால் அவர் மேலாடையின் நுனியை மிதித்துவிட்டது. வேந்தர் திரும்பி அறைந்தார். ஏழையின் மூக்கு உடைந்தது. வழக்கு கலீபாவிடம் வந்தது. ஒன்று அம்மனிதரை மனம் நிறைவு கொள்ளச் செய்யுங்கள், இல்லையேல் பழிக்குப் பழி என்றார்கள் கலீபா. நான் அரசன், அவன் சாமானியன் என்றார் ஜபலா. இஸ்லாம் இருவரையும் சமமாக்கிவிட்டது என்ற விடை வந்தது. ஓர் இரவு தவணை கேட்டவர், இருளோடு இருளாகத் தம் கூட்டத்தாரோடு ரோமப் பேரரசரிடம் ஓடிப்போனார்.

ஒரு குலமே கைநழுவிப் போயிற்றே, உமர் (ரலி) சற்று விட்டுக் கொடுத்திருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றும். விட்டுக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? உடைந்த மூக்கு உமருடையதன்றே! அவர்கள் தமக்குரியதை எத்தனையோ முறை விட்டவர்கள். ஏழையினுடையதை விட அவர்களுக்கு அதிகாரமில்லை.

இன்னும் நுட்பமான ஓரிடம் ஸூரத்து யூஸுஃபில் இருக்கிறது. கிணற்றில் தள்ளிய சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது யூஸுஃப் (அலை) அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள். அதே மக்கள் கன்ஆனுக்குத் திரும்பித் தந்தையிடம் பாவமன்னிப்புத் தேடுமாறு வேண்டியபோது, யஃகூப் (அலை) அவர்களோ பின்னர்த் தேடுவதாகச் சொன்னார்கள். எதிர்காலம் குறிக்கும் 'ஸவ்ஃப' என்ற இடைச்சொல் அங்கே நிற்கிறது. பாசமே உருவான தந்தை ஏன் தாமதித்தார்கள்? ஸஹர் நேரத்து துஆவுக்காகக் காத்திருந்தார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் உரைப்பர். இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்களின் பெயரால் வரும் விளக்கம் வேறு. முதலில் யூஸுஃபைக் கேட்போம், அவர் மன்னித்திருந்தால் பிறகு நாம் தேடுவோம் என்பதே அத்தாமதத்தின் பொருளாம். கிணற்றுக்குள் கிடந்தவர் யூஸுஃப் அல்லவா! நமக்கு இவ்விளக்கமே நெஞ்சில் நிற்கிறது. பிள்ளைகளின் மீது எவ்வளவு அன்பிருந்தும், ஒரு பிள்ளைக்கு இழைத்ததை மறு பிள்ளைகளுக்காகத் தந்தை தாமே தள்ளவில்லை.

அக்பருக்கு இந்தத் தாமதம் வாய்க்கவில்லை. நண்பரின் கொலையால் பெருந்துயரில் ஆழ்ந்தவர்தாம். வீர்சிங் மீது படையும் ஏவினார். ஆனால் 1603இல் ஸலீமா சுல்தான் பேகம் அலகாபாத் சென்று இளவரசரை அழைத்து வந்தபோது, தம் தலைப்பாகையைக் கழற்றி மகன் தலையில் சூட்டிவிட்டார். தமக்கு மாறு செய்த மகனைத் தந்தை மன்னித்தார்; அது அவர் உரிமை. அபுல் ஃபஸ்லின் குருதிக்கு உரியவர்கள் அவருடைய வாரிசுகள். அவர்களை அந்த வைபவத்தில் எவரும் கேட்கவில்லை.

பழங்கதைதானே என்பீர்களாயின், நம் ஊர்களுக்கு வாருங்கள். மேட்டுப்பாளையத்து மண்டி முதலாளி ஒருவரின் மகன் கல்லாவில் கை வைத்ததாகவும், பழி கணக்குப்பிள்ளை மேல் விழுந்து அவர் வேலை இழந்ததாகவும் ஒரு வழக்கை நினைத்துப் பார்ப்போம். ஆறு மாதத்தில் உண்மை வெளிவருகிறது. ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடுகிறார்கள். "சின்னப் பையனுங்க, தெரியாமச் செஞ்சுட்டான், போகட்டும் விடுங்க" என்று பரிந்து பேசுகிறார்கள். தந்தை கண்ணீர் விட்டு மகனைத் தழுவிக்கொள்கிறார். கூடியிருப்போர் கண்களும் கசிகின்றன. நெய்ச்சோறு போடாத குறைதான். கணக்குப்பிள்ளை அந்நேரம் எங்கே இருக்கிறார்? வேறோர் ஊரில், திருடன் என்ற பெயரோடு, மகளுக்கு மாப்பிள்ளை அமையாமல் இருக்கிறார். மருமகளை அடித்த மகனுக்காகவும் இப்படித்தான் கூடுகிறோம். அந்தப் பெண்ணைத் தவிர எல்லாரும் மன்னித்துவிட்டுக் கலைகிறோம். இந்தப் பழக்கத்தைத் தொலைக்காட்சி நமக்குக் கற்றுக் கொடுத்தது என்று சொல்லமாட்டோம். அது நம்மிடம் முன்பே இருந்தது. ஆனால் நாள்தோறும் அரை மணி நேரம் அதற்குப் பயிற்சி கொடுக்கிறது. அடிபட்டவரை நம் கண்ணில் படாமல் நகர்த்திவிட்டு, அடித்தவரின் கண்ணீரை மட்டும் அருகே கொண்டுவந்து காட்டுகிறது.

ஆகவே நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் இளைஞர்களுக்கும் தொடரைப் பாராதீர் என்று சொல்வதைவிட, பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது: இவரால் இழந்தவர் யார், அவர் ஏன் இக்காட்சியில் இல்லை?

ஜஹாங்கீர் அரியணை ஏறிய 1605இல் ஒரு நீதிச் சங்கிலி செய்வித்தார். தூய பொன்னால் 30 கஜ நீளம், 60 மணிகள். ஆக்ராக் கோட்டையில் அது தொங்கிற்று. அநீதிக்கு ஆளானவர் எவரும் வந்து அசைக்கலாம் என்றார். நம் தமிழகத்து மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நினைவுக்கு வரும். ஆனால் அந்த மன்னன் பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது கதை. ஜஹாங்கீரும் தம் மகனைத் தண்டித்தார், வேறு காரணத்துக்காக. 1606இல் மூத்த மகன் குஸ்ரூ அவருக்கு எதிராக எழுந்தபோது, தாம் செய்ததையே மகனும் செய்தபோது, தலைப்பாகை கழற்றிச் சூட்டவில்லை. மறு ஆண்டு அவர் கண்களைக் குருடாக்கினார். 1622இல் புர்ஹான்பூரில் சிறையிலேயே மாண்ட குஸ்ரூவின் கல்லறை, தந்தை கலக அவை கூட்டிய அதே அலகாபாத்தில், இன்று பிரயாக்ராஜ் எனப்படும் ஊரில், தாயின் கல்லறைக்கு அருகே இருக்கிறது. அந்தத் தாய் மான் பாய், மகனின் போக்கால் மனம் நொந்து, அக்பர் உயிரோடிருந்த காலத்திலேயே அபினி உண்டு இறந்தவர்.

வீர்சிங் புந்தேலாவுக்குப் புதிய அரசர் உயர்ந்த பதவி அளித்துச் சிறப்பித்தார். அபுல் ஃபஸ்லின் மகன் அப்துர் ரஹ்மானையும் அவர் ஒதுக்கவில்லை. அஃப்ஸல் கான் என்ற பட்டம் தந்து 1608இல் பீகாருக்கு ஆளுநராக்கினார். தந்தையைக் கொல்வித்தவரிடம் பட்டமும் பதவியும் பெற்றுப் பணி செய்த அந்த மகன், ஆக்ராக் கோட்டைக்கு வந்தபோதெல்லாம் அப்பொற்சங்கிலியைக் கடந்துதான் அவைக்குள் சென்றிருக்கக்கூடும்.